இயற்கை வைத்தியரிடம் முதன்முறை சென்ற வரலாறு

(நமது சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மருத்துவம் கற்றோர் பேசவேண்டிய ஒரு விஷயத்தைப் பற்றி, நூலும் துணியுமன்றி வேறொன்றும் அறியாத யாம் பேச எழுந்தது பெருந் துணிவேயாகும். குற்றங் காணின் பொறுத்தருளும்படி முதற்கண் வேண்டிக்கொள்ளுகின்றோம்.

சென்ற தை மாதக் கூட்டத்தில், நமது சங்கக் கட்டிடத்தில் ஏழு நாள் இயற்கை வைத்திய முகாம் ஒன்று நடத்தலாமென்றும், சங்க நிதியினின்று அதற்குப் பணம் உதவலாமென்றும் ஒரு யோசனை கொண்டுவரப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். அப்போது தலைவரவர்கள், "முதலில் நம்மவர் ஒருவர் நேரிற் சென்று கண்டுவந்து சொல்லட்டும்" என்று கட்டளையிட்டார்கள். "சர்க்கரை வியாதி உடையவர் தாங்கள்தாமே, தாங்களே போய்வாருங்கள்" என்று சபையோர் எம்மை நோக்கி நகைத்தனர். அங்ஙனம் சென்று, கண்டு, அனுபவித்து வந்ததையே இன்று சமர்ப்பிக்கின்றோம்.

உண்மையைச் சொல்லின், யாம் விருப்பத்தோடு செல்லவில்லை. எம் பெரிய தந்தையாரின் குமாரர், எமக்கு அண்ணன் முறையாகின்றவர், பதினெட்டாண்டு சர்க்கரை வியாதியால் வருந்தினவர். நான்கு ஆண்டுகளுக்கு முன், "மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், 40 நாளில் சர்க்கரை வேரோடு அகலும்" என்று அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கண்டு, அதனை வெளியிட்டவரிடம் சென்றார். அவர் எந்தக் கல்லூரியிற் கற்றவர் என்று யாரும் கேட்கவில்லை. மாத்திரைகளை நிறுத்தும்படியும், கால் எரிச்சலுக்கு நாள்தோறும் வெந்நீரிற் கால்களை வைத்திருக்கும்படியும் அவர் சொல்ல, அண்ணனும் அவ்வாறே செய்தார். "இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றம்மா, சூடே தெரியவில்லை" என்று தம் மருமகளிடம் அவர் சொன்னதை அந்தப் பெண் இன்றும் சொல்லிச் சொல்லி அழுகின்றாள். மறுநாள் இரு பாதங்களிலும் கொப்புளங்கள், பின்பு புண், இரண்டு மாதத்தில் வலக்காலின் மூன்று விரல்களை எடுக்க நேர்ந்தது. தறிமேடையிலும் பின்பு கட்டிங் மேசையிலும் நாற்பதாண்டு நின்ற கால்கள் அவை. இக் காரணத்தால் இயற்கை வைத்தியம் என்ற பெயரைக் கேட்டாலே எமக்கு அச்சமும் கோபமும் உண்டாயின. சங்கத்தின் கட்டளை இல்லாதிருந்தால் யாம் அவ்வாசலை மிதித்திருக்க மாட்டோம்.

நிற்க. செல்வதற்கு முன் இவ்வைத்தியத்தின் வரலாற்றை ஒருவாறு விசாரித்தறிந்தோம். மண், நீர், வெயில், காற்று, உணவு, உபவாசம் என்பவற்றைக் கொண்டு நோய் தீர்க்கும் முறை நம் நாட்டிலும் பண்டுதொட்டு உள்ளதே. எனினும், இன்று இயற்கை வைத்தியம் என்ற பெயரால் வழங்கும் ஒழுங்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் உருவானதாகும். சைலீசியாவில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) என்ற குடியானவர் குளிர்ந்த நீரைக் கொண்டு சிகிச்சை செய்தார். பவேரியாவில் செபாஸ்டியன் நைப் (1821–1897) என்ற பாதிரியார் அதனைப் பரப்பினார். லைப்சிக் நகரத்து லூயி கூனே (1835–1901) என்பவர் இடுப்புத் தொட்டிக் குளியலை ஏற்படுத்தினார். அடால்ஃப் ஜஸ்ட் (1859–1936) மண்பட்டியைப் பிரபலப்படுத்தினார். இவ்விருவர் நூல்களையும் படித்தே காந்தியடிகள் இம்முறையிற் பற்றுக்கொண்டார்.

காந்தியடிகளின் குமாரர் மணிலாலுக்குப் பத்து வயதில் பம்பாயில் கடுமையான விஷசுரம் கண்டது. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கவேண்டுமென்று மருத்துவர் சொன்னார். அடிகள் அதற்கிசையாது, கூனே முறைப்படி தொட்டிக் குளியலும், நீர் கலந்த ஆரஞ்சுச் சாறும் கொடுத்து, சுரம் மிகுந்தபோது ஈரத்துணியைப் பிழிந்து உடல் முழுதுஞ் சுற்றினார். பிள்ளை பிழைத்தது. ஆயினும் அடிகள் தம் சுயசரிதத்தில் இதனை எழுதுங்கால், பிழைத்தது ஈசன் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, உணவாலும் பணிவிடையாலுமா என்பதை யார் சொல்லக்கூடும் என்று ஐயத்தையும் உடனெழுதி வைத்தார். அதே காந்தியடிகள் 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சிறைக்கைதியாக இருந்தபோது குடல்வால் நோய் கண்டு, புனாவின் ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடக் என்ற ஆங்கில வைத்தியரின் கத்திக்கு உடன்பட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நினைப்பவனே அடிகளைச் சரியாக அறிந்தவனாவான்.

1946ஆம் ஆண்டில் புனாவுக்கு அணித்தான உருளி காஞ்சனில் ஏழைக் கிராமவாசிகளுக்கென்று அடிகள் இயற்கை வைத்திய ஆசிரமம் ஒன்றைத் தொடங்கினார். நம் தமிழ்நாட்டிலோ, புதுக்கோட்டையில் லட்சுமண சர்மா என்பவர் இம்முறையைப் பற்றி நூல்கள் எழுதியும், தாமே கைக்கொண்டும் பலருக்கு வழிகாட்டினார். 1986இல் புனாவில் மத்திய சர்க்காரின் தேசிய இயற்கை மருத்துவ நிலையம் ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டில் சென்னை அரும்பாக்கத்தில் அரசினர் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இப்பட்டத்துக்குப் படிப்பு நாலரை ஆண்டும், பயிற்சி ஓராண்டும் ஆக ஐந்தரை ஆண்டு செல்லுகின்றது. உடற்கூறு, உடலியல், நோய்க்குறி முதலியவற்றையும் அவர்கள் கற்கின்றனர். இச்செய்தியை அறிந்த பின்னரே, பட்டம் பெற்றவர் ஒருவரைத் தேடிச் செல்லத் துணிந்தோம்.

ஊருக்குப் புறத்தே வேப்பமரங்கள் சூழ்ந்த ஓர் எளிய கட்டிடம். எம் இல்லாளும் உடன் வந்தாள். மருத்துவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. சென்றவுடனே மண்ணைப் பூசி நீரில் அமிழ்த்துவார்கள் என்று எண்ணியிருந்த எமக்கு முதல் ஒரு மணி நேரமும் கேள்விகளாகவே கழிந்தது. எத்தனை மணிக்கு எழுதல், எத்தனை மணிக்கு உறங்கல், மலசலம் ஒழுங்காகக் கழிகின்றதா, இரவில் எத்தனை முறை எழுந்திருத்தல், தாகம் மிகுதியா, பெற்றோருக்கு என்ன நோய்கள், தொழிலில் நிற்றலா உட்காருதலா, பஞ்சுத் தூசியில் எத்தனை ஆண்டு, இங்ஙனம் ஒவ்வொன்றாக வினவினார். அலோபதி வைத்தியர் இரண்டு நிமிஷத்திற்கு மேல் எம் முகத்தைப் பார்த்ததில்லை. ஆதலின் இது எமக்குப் புதுமையாயிருந்தது.

பின்பு, "சென்ற மூன்று நாளும் என்ன உண்டீர்கள், ஐயா?" என்றார். "சாதாரணமாக வீட்டுச் சாப்பாடுதான், அம்மா" என்றோம். எம் இல்லாள் இருமினாள். அவள் இருமலின் பொருள் மருத்துவருக்கு விளங்கிவிட்டது. மெல்ல மெல்ல விசாரிக்கவே, பேக்கரியில் நாளொன்றுக்கு ஆறு தேநீர் என்பதும், இரவு சரக்கு அனுப்பும் நாட்களிற் பரோட்டா என்பதும் வெளியாயின. தேநீர் ஒன்றுக்குச் சர்க்கரை 10 கிராம் வீதம் ஆறுக்கு 60 கிராம். மாதம் ஒன்றுக்கு 1,800 கிராம். "வேறு யாதொன்றும் உண்ணாமலே மாதம் ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரை உண்டுவிட்டு, சர்க்கரை ஏன் குறையவில்லையென்று கேட்கின்றீர்களே" என்றார். யாம் நூல் வாங்குவதில் கிராம் கணக்குப் பார்ப்பவர்கள். இக்கணக்கை ஒருநாளும் பார்த்ததில்லை.

அடுத்து மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். இங்கே எம் குற்றத்தையும் மறையாது சொல்லுகின்றோம். இயற்கை வைத்தியரிடம் போகின்றோமே, அங்கு மாத்திரையைக் கண்டால் வெறுப்பார்கள் என்று எண்ணி, பதினொரு நாளாக மாத்திரையை நிறுத்தி, வெந்தயத் தண்ணீர் மட்டும் பருகி வந்தோம். அண்ணன் கெட்டதைக் கண்ணாற் கண்டும், அதே படுகுழியில் யாமும் காலை வைத்தோம் என்பது எண்ணுந்தோறும் நாணத்தைத் தருகின்றது. இதனைக் கேட்ட மருத்துவர் அவ்விடத்திலேயே விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார், 318 காட்டிற்று. "நிறுத்தும்படி உங்களுக்குச் சொன்னவர் யார்?" என்று வினவினார். யாரும் சொல்லவில்லை, யாமே செய்தோம் என்றோம். "மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதனைக் கொடுத்த வைத்தியரின் வேலை. உணவாலும் நடையாலும் சர்க்கரை இறங்கினால், அவரே குறைப்பார். இறங்குவதற்கு முன் நிறுத்துவது பாலம் கட்டுமுன் ஆற்றில் வண்டியை இறக்குவதாகும்" என்றார்.

அதன்பின் நிகழ்ந்ததே எம் நெஞ்சைவிட்டு நீங்காதது. கால் எரிச்சல் உண்டென்று சொன்னோம். வெந்நீர்க் கால்குளியல் கேட்டோம். அவர் உடன்படாமல், எம்மைப் படுக்கச் செய்து, கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். "தொடும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்லுங்கள்" என்றார். முழங்காலில் தொட்டார், ஆம் என்றோம். கணுக்காலில் தொட்டார், ஆம் என்றோம். பின்பு நெடுநேரம் ஒன்றுமில்லை. "இன்னும் தொடவில்லையே, அம்மா?" என்று கேட்டோம். எம் இல்லாள் தேம்பும் ஒலி கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், மருத்துவர் கையில் ஒரு சிறு பஞ்சுத் திரி; அதனால் எம் கால்விரல்களை ஒவ்வொன்றாக வருடிக்கொண்டிருக்கின்றார்! பின்பு நைலான் இழையொன்றால் அடிப்பாதத்தைக் குத்திப் பார்த்தார். இடக்காற் பெருவிரலில் அதுவும் தெரியவில்லை.

மகாஜனங்களே! பஞ்சு நம் குலத்தின் அன்னம். குழித்தறியில் பாவும் ஊடையுமாக நம் பாட்டனார் காலத்தில் உண்டதும் பஞ்சால். கதர் இயக்கம் இவ்வூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டபோது உண்டதும் பஞ்சால். இன்று நிட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று உண்பதும் பஞ்சால். கையால் தொட்டே நூல் எந்த நம்பர் என்று சொல்லுகின்ற எமக்கு, காலில் பஞ்சு பட்டது தெரியவில்லை. நெடுநாட் சர்க்கரையால் பாத நரம்புகள் கெட்டு உணர்ச்சி மங்கும். அத்தகைய காலுக்கு வெந்நீர் தீயோடு ஒக்கும். சூடு தெரியாது, வேவது மட்டும் தெரியாமலே நிகழும் என்று மருத்துவர் விளக்கினார். அண்ணன், "சூடே தெரியவில்லை" என்று சொன்னதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று. ஒரு துண்டுப் பஞ்சும் இரண்டு நிமிஷமும் செலவிட்டிருந்தால் அம் மூன்று விரல்களும் இன்று இருக்கும்.

அன்று எமக்குச் செய்யப்பட்ட சிகிச்சை மிகச் சிறிதே. நான்கடி ஆழத்தினின்று எடுத்து, சலித்து, வெயிலில் உலர்த்தி, குளிர்ந்த நீரில் ஊறவைத்த மண்ணைத் துணியிற் பரப்பி வயிற்றின்மேல் இருபது நிமிஷம் வைத்தார்கள். சுகமாயிருந்தது, சற்று உறங்கியும் விட்டோம். "இம்மண் சர்க்கரையைத் தீர்க்குமா?" என்று கேட்டோம். "வயிற்றுக்குக் குளிர்ச்சியும் மனத்துக்கு அமைதியும் தரும், சர்க்கரையைத் தீர்க்குமென்று நான் சொல்லமாட்டேன். உங்கள் சர்க்கரையை இறக்குவது உங்கள் தட்டும், நடையும், உறக்கமுமே" என்றார். கண்ட இடத்து மண்ணையும் எடுத்துப் பூசலாகாது என்றும், சாயக்கழிவு பாய்ந்த நிலத்து மண் அறவே ஆகாது என்றும் எச்சரித்தார். நொய்யலின் நிலைமையையும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உணவைப் பற்றி அவர் சொன்னவை நம் பாட்டியர் அறிந்தவையே. தட்டிற் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு கொள்ளு, தட்டைப்பயறு போன்ற பருப்பு வகை. மற்றக் கால் பங்கே சோறோ, களியோ. கம்பும் கேழ்வரகும் நல்லவையே. ஆயினும் அவையும் மாவுப் பொருளே, அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறக்கலாகாது என்றார். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்டுக்காரர் இரவு பத்து மணிக்கு வயிறு முட்ட உண்பதே நம்மூரின் பெருங்கேடு என்றும், மாலை ஆறு மணித் தேநீர் வேளையில் சுண்டலோ மோரோ உண்டு, இரவு உணவைப் பாதியாக்கலாமென்றும் வழி சொன்னார்.

இம்முறைகளிற் சான்று எவ்வளவு என்று சிலர் வினவலாம். உணவைக் குறைத்து எடையை இறக்கினால் சர்க்கரை நோய் பலரிடம் தணிகின்றது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோய் கண்டு ஆறாண்டுக்குட்பட்ட 306 பேரில் ஒரு பாதியினரை வைத்தியர் மேற்பார்வையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி உணவில் சில மாதங்கள் வைத்தனர். ஓராண்டின் முடிவில் அப்பாதியினருள் நூற்றுக்கு 46 பேர் மாத்திரையின்றியே நோய் தணிந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றப் பாதியினருள் நூற்றுக்கு 4 பேரே அங்ஙனம் இருந்தனர். நடையும் உறக்கமும் உப்புக் குறைத்தலும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டதே. மண்பட்டி, தொட்டிக் குளியல் முதலியவற்றுக்கு இத்தகைய வலிய சான்று இல்லை. புற்றுநோயையும், சிறுநீரகம் கெட்டதையும் இவற்றால் தீர்ப்போம் என்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுதலே அறிவுடைமை. சர்க்கரை, புற்றுநோய் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரச் சட்டப்படி குற்றமாகும். அண்ணன் கையிற் கிடைத்த துண்டுப் பிரசுரமே சட்ட விரோதமானது என்பதை அப்போது நம்மில் ஒருவரும் அறிந்திலோம்.

ஆதலின், முதன்முறை செல்ல விரும்பும் நம் குலத்தாருக்குச் சில சொற்கள். முதலாவது, வைத்தியரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அன்று. கேட்டதற்குச் சினப்பவரிடம் நில்லாதீர்கள். இரண்டாவது, பழைய சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் யாவற்றையும் கொண்டு செல்லுங்கள். மூன்றாவது, மூன்று நாள் உண்டதைப் பொய்யின்றி எழுதிக் கொண்டு போங்கள். இல்லாளை உடன் அழைத்துச் சென்றால் பொய் சொல்ல இடமிராது. நான்காவது, இன்சுலின் போடுவோரும், சர்க்கரை மாத்திரை உண்போரும் தாமாக உபவாசம் இருக்கலாகாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே கேடு வரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மெலிந்த முதியோரும் அவ்வாறே. ஐந்தாவது, சிறுநீரகக் கோளாறு உடையோர் பழச்சாறும் இளநீரும் நல்லவையென்று குடித்துவிடலாகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு விஷமாகலாம். ஆறாவது, இருதய நோயாளர் அதனை முன்னரே சொல்லாமல் நீராவிக் குளியலில் உட்காரலாகாது. ஏழாவது, மார்வலி, மூச்சுத் திணறல், ஒருபக்கம் வாதம் கண்டால் அது எந்த இயற்கை நிலையத்துக்கும் உரியதன்று; உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும்.

எம் நிலைமையைக் கேட்பீர்கள். ஆறு மாதமாயிற்று. எம் சர்க்கரை வைத்தியரும் இவ்வம்மையாரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்தே சிகிச்சை செய்கின்றனர். தேநீர் இரண்டாயிற்று, அதுவும் சர்க்கரையின்றி. எடை 6 கிலோ குறைந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை 10.4 இருந்தது 7.6க்கு வந்துள்ளது. இரு மாத்திரைகளில் ஒன்றை வைத்தியரே பாதியாக்கினார். இடக்காற் பெருவிரலுக்கு உணர்ச்சி மீளவில்லை. மீளாமலும் போகலாம் என்றனர். நாள்தோறும் இரவில் எம் இல்லாள் விளக்கொளியில் எம் பாதங்களைப் புரட்டிப் பார்த்த பின்னரே உறங்கச் செல்லுகின்றாள்.

இறுதியாக, தை மாத யோசனையைப் பற்றி எம் அபிப்பிராயம் இது. முகாம் நடத்துக, ஆனால் பட்டமும் பதிவும் உடையவரைக் கொண்டே நடத்துக. முதல்நாள் மண்ணும் நீரும் வேண்டா. சர்க்கரை, இரத்த அழுத்தம், பாத உணர்ச்சி ஆகிய மூன்றையும் நம் குலத்து நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் அனைவருக்கும் அன்று சோதிக்கச் செய்க. சங்க நிதியின் முதற் பணம் அதற்கே செலவாகட்டும். பஞ்சுக்கு மட்டும் சங்கம் செலவிட வேண்டுவதில்லை. அதனை யாம் கொண்டுவருகின்றோம்.

அண்ணனவர்கள் இன்று இச்சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். தம் கதையைச் சொல்ல எமக்கு இசைவு தந்ததோடு, "என் பெயரால் இனி ஒருவன் விரலாவது மிஞ்சட்டும்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு எம் வணக்கம்.